டியேகோ கோஸ்டா பிரேசிலுக்கும் ஆடினார், ஸ்பெயினுக்கும் ஆடினார்: அது எப்படி முடிந்தது?

2025 நவம்பரில் இந்தியக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. பெங்களூரு எஃப்சி அணியின் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை பெற்றார். பயிற்சியாளர் காலித் ஜமீல் அவரைத் தேசிய அணி முகாமுக்கும் அழைத்துக்கொண்டார். ஆனால் டாக்காவில் வங்கதேசத்துடன் நடந்த ஆட்டத்தில் அவரை இறக்க முடியவில்லை. இந்தியக் குடிமகன் ஆகிவிட்டார், பயிற்சியாளரும் கூப்பிட்டுவிட்டார், அப்புறம் என்ன தடை?

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மலேசியாவில் வேறொரு புயல். வெளிநாட்டில் பிறந்து மலேசியாவுக்கு ஆடிய ஏழு வீரர்களை உலகக் கால்பந்தை நடத்தும் அமைப்பான ஃபிஃபா 12 மாதங்கள் தடை செய்தது. மலேசிய அரசு அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்திருந்தது. அப்படியும் தடை.

இரண்டு செய்திகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: ஒரு நாட்டின் குடிமகனாக இருப்பது வேறு, அந்த நாட்டுக்காகக் கால்பந்து ஆடத் தகுதி பெறுவது வேறு. இதை விளக்க, பிரேசிலில் பிறந்த ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்க முன்னால் நிற்கும் வீரர்) டியேகோ கோஸ்டாவின் கதையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பிறந்த நாட்டின் ஜெர்சியை அணிந்த ஒரே ஆண்டில் அதைக் கழற்றி வைத்தார். அடுத்த ஆண்டு அந்த மண்ணிலேயே நடந்த உலகக் கோப்பையில் வேறு நாட்டுக்காக இறங்கினார். அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. ஆனால் அவருடைய வழியைத் திறந்துவிட்டது ஆட்ட அட்டவணையில் இருந்த ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தை உண்டாக்கியதே பிரேசில்தான்.

இரண்டு தனித்தனிக் கேள்விகள்

ஒரு வீரர் ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால் இரண்டு இடங்களில் அனுமதி தேவை.

1. அரசு. குடியுரிமை தருவதும் மறுப்பதும் ஒவ்வொரு நாட்டின் சொந்தச் சட்டம். ஃபிஃபா இதில் தலையிட முடியாது. ஸ்பெயினில் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வசித்தால்தான் குடியுரிமை கேட்கலாம். லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கு இரண்டே ஆண்டுகள் போதும். பழைய காலனி உறவின் மிச்சம் அது.

2. ஃபிஃபா. அரசு கொடுத்த குடியுரிமை நுழைவுக்கான முதல் நிபந்தனை மட்டுமே. புதிதாகக் குடியுரிமை பெற்றவருக்கு அந்த நாட்டோடு உண்மையான தொடர்பு உண்டா என்று ஃபிஃபா பார்க்கும். அவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாய் தந்தையில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அவரே அங்கே குறிப்பிட்ட ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். வயது வந்த பிறகு போனவருக்கு இது ஐந்து ஆண்டுகள்.

இதற்கும் மேலே மூன்றாவதாக ஒன்று உண்டு. அது ஏற்கெனவே வேறு நாட்டுக்கு ஆடியவர்களுக்கு மட்டும். அவர் பழைய நாட்டின் கால்பந்து சங்கத்திலிருந்து புதிய நாட்டின் சங்கத்துக்கு மாற ஃபிஃபாவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரயன் வில்லியம்ஸ் 2019இல் ஆஸ்திரேலியாவுக்காகத் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு நட்பு ஆட்டம் ஆடியவர். டாக்கா ஆட்டத்துக்குள் அந்த மாற்றத்துக்கான வேலை முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

லகார்ட்டோவிலிருந்து மாட்ரிட் வரை

கோஸ்டா 1988இல் பிரேசிலின் வடகிழக்கில் செர்ஜிப்பி மாநிலத்து லகார்ட்டோ என்ற ஊரில் பிறந்தவர். பிரேசிலின் பெரிய கிளப்களின் இளைஞர் பிரிவுகளில் வளர்ந்தவர் அல்ல. பதின்ம வயதில் சாவோ பாவ்லோ போய், உறவினர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சிறிய அணி ஒன்றில் ஆடியவர். 2006இல் போர்த்துகலின் பிராகா கிளப் அவரை எடுத்தது. பிரேசிலில் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமலே ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. பிரேசில் ரசிகர்களுக்கு அவர் அறிமுகமே இல்லாத ஆள்.

அட்லெட்டிகோ மாட்ரிட் அவரை வாங்கியது. வாங்கிய பிறகு பல ஆண்டுகள் அவரை யாரிடமாவது அனுப்பிக்கொண்டே இருந்தது: மறுபடி பிராகா, பிறகு செல்டா வீகோ, அல்பசெட்டே, வயாடொலிட், ராயோ வயெகானோ. பாதி ஸ்பெயினையும் சுற்றிவிட்டார். டியேகோ சிமியோனே பயிற்சியாளராக வந்த பிறகுதான் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்தது. 2013 மே மாதம் ஸ்பெயின் கிளப்களுக்கான கோப்பா டெல் ரே இறுதியாட்டத்தில், ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்திலேயே கோல் அடித்து, அட்லெட்டிகோ கோப்பையை வெல்ல உதவினார்.

அந்த ஆண்டு ஜூலையில் ஸ்பெயின் குடியுரிமை கிடைத்தது. இதில் ஆச்சரியப்பட ஏதும் இல்லை. ஸ்பெயினின் முதன்மை லீகான லா லிகாவில் ஒரு அணி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து மூன்று வீரர்களை மட்டுமே பதிவு செய்ய முடியும். தென் அமெரிக்க வீரர் ஒருவர் ஸ்பெயின் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் கிளப்புக்கு ஓர் இடம் மிச்சம். அதனால் அங்கே பல ஆண்டுகள் ஆடும் பிரேசில், அர்ஜென்டினா வீரர்கள் குடியுரிமை எடுப்பது சகஜம். எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயின் தேசிய அணியின் பக்கம் போவதே இல்லை. கோஸ்டாவுக்கு வாய்ப்பு வந்தது. ஏன் வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

அந்த இரண்டு ஆட்டங்கள்

2013 மார்ச்சில் பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி கோஸ்டாவை முதன்முறையாக அழைத்தார். ஜெனீவாவில் இத்தாலிக்கு எதிராகவும், லண்டனில் ரஷ்யாவுக்கு எதிராகவும் மாற்று வீரராக இறங்கினார். இரண்டையும் சேர்த்தால் ஒரு பாதி ஆட்டம்கூட வராது. இரண்டுமே நட்பு ஆட்டங்கள்.

ஃபிஃபா விதியில் கோடு விழுவது இங்கேதான். தேசிய அணியின் ஆட்டங்களை விதி இரண்டாகப் பிரிக்கிறது.

1. அதிகாரபூர்வப் போட்டி: உலகக் கோப்பை, அதன் தகுதிச் சுற்று, யூரோ, கோப்பா அமெரிக்கா, ஆசியக் கோப்பை போன்றவை. அன்றைய விதிப்படி முதன்மை அணிக்காக இதில் ஒரு நிமிடம் இறங்கினாலும் போதும், அந்த நாட்டோடு ஆயுள் முழுக்கக் கட்டுப்பட்டாயிற்று.

2. நட்பு ஆட்டம்: எத்தனை ஆடினாலும் கட்டு கிடையாது. இங்கிலாந்தின் டெக்லான் ரைஸ் அயர்லாந்துக்காக மூன்று நட்பு ஆட்டங்கள் ஆடிவிட்டு 2019இல் இங்கிலாந்துக்கு மாறியதும் இந்த வழியில்தான்.

சரி, பிரேசில் போன்ற அணி ஒருவரை அழைத்தால் சாதாரணமாக எங்கே அழைத்திருக்கும்? 2013இல் மற்ற தென் அமெரிக்க நாடுகளெல்லாம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதிக்கொண்டிருந்தன. அர்ஜென்டினாவோ கொலம்பியாவோ ஒரு ஸ்ட்ரைக்கரை அழைத்திருந்தால் அவர் அநேகமாகத் தகுதிச் சுற்றில்தான் இறங்கியிருப்பார், அதோடு பேச்சு முடிந்திருக்கும். பிரேசில் 2014 உலகக் கோப்பையை நடத்தும் நாடு. நடத்தும் நாட்டுக்கு நேரடி இடம், தகுதிச் சுற்று கிடையாது. அதனால் பிரேசில் அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் நட்பு ஆட்டங்களையே ஆடிக்கொண்டிருந்தது. உலகக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குப் பிரேசில் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று. இதை யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

விதிவிலக்காக ஒரு தொடர் இருந்தது. 2013 ஜூனில் பிரேசிலிலேயே நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. அது அதிகாரபூர்வப் போட்டி. அதற்கு ஸ்கொலாரி தேர்ந்தெடுத்த மைய ஸ்ட்ரைக்கர்கள் ஃப்ரெட், ஜோ. கோஸ்டாவின் பெயர் பட்டியலில் இல்லை. ஏதாவது ஓர் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் அவரை இறக்கியிருந்தால் ஸ்பெயின் கதையே நடந்திருக்காது. பிரேசில் அந்தக் கோப்பையை வென்றது. இறுதியில் தோற்ற அணி ஸ்பெயின்.

ஒரு கடிதம், ஒரு கோபம்

அடுத்த சீசனை கோஸ்டா கோல் மழையோடு தொடங்கினார். ஸ்பெயினிடம் நடுக்களத்தில் உலகின் சிறந்த வீரர்கள் இருந்தார்கள், ஆனால் முன்னால் நிற்க நம்பகமான ஸ்ட்ரைக்கர் இல்லை. டேவிட் வியா, ஃபெர்னாண்டோ டோரஸ் இருவரும் உச்சத்தைத் தாண்டியவர்கள். பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கே ஆர்வம் காட்டினார். உடனே ஸ்கொலாரி விழித்துக்கொண்டு நவம்பர் நட்பு ஆட்டங்களுக்குத் தன் பட்டியலில் கோஸ்டாவின் பெயரைச் சேர்த்தார். 2013 அக்டோபர் 29 அன்று கோஸ்டா பிரேசில் சங்கத்துக்குக் கையெழுத்திட்ட கடிதம் அனுப்பினார்: ஸ்பெயினுக்கு ஆடவே விரும்புகிறேன்.

ஸ்கொலாரி கடுமையாகப் பேசினார். கோடிக்கணக்கான மக்களின் கனவுக்கு முதுகைக் காட்டிவிட்டான் என்ற பொருளில். சங்க நிர்வாகிகள் அவருடைய பிரேசில் குடியுரிமையையே பறிக்கலாம் என்கிற அளவுக்குப் போனார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்களிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அதிகாரபூர்வ ஆட்டம் பூஜ்யம், ஸ்பெயினில் ஐந்து ஆண்டுக்கு மேல் வாசம், குடியுரிமை இருக்கிறது. மூன்றும் சரி.

அந்தக் கோபத்தில் எனக்கு அனுதாபம் கொஞ்சம் குறைவு. ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் கேட்டதும் பொருளின் மதிப்பு நினைவுக்கு வந்தது போலத்தான் அது இருந்தது.

மாறியதால் என்ன கிடைத்தது?

முதலில் கிடைத்தது வசவு. 2014 ஜூன் 13, சால்வடோர் நகரம், நெதர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டம். கோஸ்டா பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கு கூச்சலிட்டது. 27ஆம் நிமிடத்தில் அவர் வாங்கித் தந்த பெனால்ட்டியை ஷாபி அலோன்சோ கோலாக்கினார். அத்தோடு சரி. ஸ்பெயின் 1-5 என்று நொறுங்கியது. ஐந்து நாள் கழித்து மரக்கானாவில் சிலி 2-0 என்று வென்று நடப்பு உலக சாம்பியனை வெளியேற்றியது. இரண்டு ஆட்டத்திலும் கோஸ்டாவைப் பாதியில் வெளியே எடுத்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் இறக்கவே இல்லை.

காரணம் அவருடைய மனநிலை மட்டுமல்ல. அந்தச் சீசனில் அவர் லீகில் 27 கோல் அடித்து அட்லெட்டிகோவை சாம்பியன் ஆக்கியிருந்தார், ஆனால் தொடையைக் கிழித்துக்கொண்டிருந்தார். பட்டத்தை முடிவு செய்த பார்சிலோனா ஆட்டத்தில் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார்; சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஒன்பதே நிமிடம். அதைவிட ஆட்டப்பாணிப் பொருத்தமின்மை பெரிய சிக்கல். ஸ்பெயின் பந்தைச் சின்னச் சின்னதாகக் கடத்தி, எதிரணியைப் பெட்டிக்குள் அடைத்துவைத்து ஆடும். கோஸ்டாவுக்குத் தேவை எதிரணித் தடுப்பாட்டத்துக்குப் பின்னால் ஓட வெற்றிடம், முட்டி மோத ஒரு ஆள். பாஸ்போர்ட் மாறலாம், ஒரு வீரரின் ஆட்டம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஸ்பெயினுக்கான முதல் கோல் அந்த அக்டோபரில்தான், அதுவும் லக்சம்பர்க்குக்கு எதிராக. 2016 யூரோவுக்கு அவரை எடுக்கவே இல்லை.

பலன் கிடைத்தது 2018இல், ரஷ்யாவில். சோச்சியில் போர்த்துகலுக்கு எதிராக 3-3 என்று முடிந்த ஆட்டத்தில் இரண்டு கோல், ஈரானுக்கு எதிராக வெற்றிக் கோல். அந்தப் போர்த்துகல் ஆட்டத்தின் முதல் கோலை இன்றும் தேடிப் பார்க்கலாம். நீண்ட பந்து வருகிறது, கோஸ்டா தாவும்போது அவர் கை எதிரணித் தடுப்பாளரின் முகத்தில் படுகிறது, அவர் விழுகிறார். கோஸ்டா நிதானமாகப் பந்தை இப்படியும் அப்படியும் திருப்பி இருவரை ஏமாற்றி, தாழ்வாக மூலையில் அடிக்கிறார். வீடியோ பரிசோதனைக்குப் பிறகும் கோல் நின்றது. விழுந்த தடுப்பாளர் பெப்பே. போர்த்துகலின் தூண். அவர் பிறந்தது பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்து மசேயோவில். அலகோவாஸும் கோஸ்டாவின் செர்ஜிப்பியும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள், நடுவில் சாவோ ஃபிரான்சிஸ்கோ ஆறு ஓடுகிறது. ஸ்பெயின் போர்த்துகல் பகை என்று உலகம் பார்த்த அந்த மோதல், ஆற்றின் இரு கரைக்காரர்களுக்கு இடையில் நடந்தது.

ஸ்பெயினுக்காக மொத்தம் 24 ஆட்டம், 10 கோல். மோசமில்லை, பிரமாதமும் இல்லை. பிரேசில் இழந்தது இதைவிட அதிகம் என்று தோன்றுகிறது: 2014இல் ஃப்ரெட்டை வைத்துக்கொண்டு அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்ற அணி அது. ஆனாலும் ஏழு கோல் வாங்கிய அணியை ஒரு ஸ்ட்ரைக்கர் காப்பாற்றியிருப்பார் என்று சொல்ல மாட்டேன்.

விதி எப்போதும் இப்படி இருந்தது இல்லை

ஒரு காலத்தில் தடையே இல்லை. லூயிஸ் மோன்டி 1930 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கும் 1934 இறுதியில் இத்தாலிக்கும் ஆடினார். 1958இல் பிரேசிலோடு உலகக் கோப்பையை வென்ற அல்தாஃபினி, 1962இல் இத்தாலிக்காக வந்தார். ஹங்கேரியின் புஷ்காஷ் அதே 1962இல் ஸ்பெயினுக்கு. அர்ஜென்டினாவின் டி ஸ்டெஃபானோ ஸ்பெயினுக்காக 31 ஆட்டங்களில் 23 கோல். இப்படியே போனால் காசுள்ள நாடுகள் எல்லாரையும் வாங்கிவிடும் என்று அறுபதுகளில் கதவை மூடினார்கள்.

2004இல் மறுபடி ஒரு பதற்றம். ஜெர்மன் லீகில் கோல் குவித்துக்கொண்டிருந்த பிரேசில் வீரர் அயில்டனைக் கத்தார் தன் அணிக்குக் கேட்டது. அவருக்கும் கத்தாருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஃபிஃபா அவசரமாக ‘தெளிவான தொடர்பு’ என்ற நிபந்தனையைப் போட்டது. முதலில் இரண்டு ஆண்டு வாசம் போதும் என்றார்கள், பிறகு 2008இல் அதை ஐந்தாக்கினார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் 21 வயதுக்குள்தான் மாறலாம் என்றிருந்த வரம்பை 2009இல் எடுத்துவிட்டார்கள். 25 வயதில் கோஸ்டா மாற முடிந்தது அதனால்தான்.

மாட்டிக்கொண்டவர்: முனிர்

கோஸ்டாவுக்கு அட்டவணை கைகொடுத்தது. அதே அட்டவணை இன்னொருவரைக் கவிழ்த்தது. 2014 செப்டம்பரில் கோஸ்டாவுக்குக் காயம். அவருக்குப் பதிலாக டெல் போஸ்கே அழைத்தது பார்சிலோனாவின் 19 வயது முனிர் எல் ஹத்தாதியை. மாசிடோனியாவுக்கு எதிராக, ஆட்டம் ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில், 77ஆம் நிமிடத்தில் இறங்கினார். அது யூரோ தகுதிச் சுற்று, அதாவது அதிகாரபூர்வ ஆட்டம்.

அதன் பிறகு ஸ்பெயினின் முதன்மை அணி அவரைக் கூப்பிடவே இல்லை. அவருடைய தந்தை மொராக்கோக்காரர். 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ அவரை விரும்பியது, அவரும் விரும்பினார். விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். கால் மணி நேரத்துக்கும் குறைவான ஆட்டம் ஒரு மனிதனைப் பல ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் ஆட முடியாதவனாக்கியது.

பல பயிற்சியாளர்கள் இதை வேண்டுமென்றே செய்வதுண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ள இளைஞனை அதிகாரபூர்வ ஆட்டத்தில் சில நிமிடம் இறக்கிவிட்டால் போட்டி நாட்டுக்குக் கதவு மூடிவிடும். வீரர் நாடு மாறுவதை நாம் துரோகம் என்று பேசுகிறோம். இந்தப் பிடித்துவைக்கும் வேலைக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் இல்லை. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

2020 செப்டம்பரில் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. இப்போதைய நிலை சுருக்கமாக:

1. 21 வயதுக்கு முன் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடியவரும் மாறலாம், ஆனால் முதன்மை அணிக்கு நட்பு ஆட்டங்களையும் சேர்த்து மூன்றுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது.
2. கடைசியாக ஆடி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.
3. உலகக் கோப்பையிலோ கண்ட அளவிலான கோப்பையின் இறுதிச் சுற்றிலோ இறங்கியிருக்கக் கூடாது.
4. ஒருமுறைதான் மாறலாம்.

அதன்படி முனிர் 2021இல் மொராக்கோவுக்கு ஆடினார். இன்னொரு பக்கம், நட்பு ஆட்டம் என்ற சந்து குறுகிக்கொண்டே வருகிறது. 2018இல் ஐரோப்பாவில் நேஷன்ஸ் லீக் தொடங்கியது, வட அமெரிக்காவிலும் அதே மாதிரி ஒன்று வந்தது. முன்பு நட்பு ஆட்டமாக இருந்த தேதிகளில் பல இப்போது அதிகாரபூர்வப் போட்டிகள். கோஸ்டாவைப் போல இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு யோசிக்க இன்றைய ஐரோப்பிய இளைஞனுக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது.

மலேசியா, இலங்கை, இந்தியா

மலேசியா விவகாரத்தில் சிக்கல் தாத்தா பாட்டி விதியில். தகுதி காட்டத் தாத்தாவோ பாட்டியோ மலேசியாவில் பிறந்ததாகப் பிறப்புச் சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டன. அந்த வீரர்கள் 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் ஆடியிருந்தார்கள். ஃபிஃபா மூலப் பதிவுகளைத் தேடியபோது அந்தத் தாத்தா பாட்டிகள் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் பிறந்தவர்கள் என்று தெரிந்தது. அரசு குடியுரிமை கொடுத்தது உண்மை, ஆனால் ஃபிஃபா கேட்ட இரண்டாவது கேள்விக்கான பதில் பொய். கோஸ்டாவின் வழி எவ்வளவு சர்ச்சையானாலும் அதில் ஒரு காகிதமும் பொய்யில்லை.

இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால் பெர்லினில் பிறந்த வசீம் ராசிக் போன்றவர்கள் அந்த அணிக்கு ஆட முடிகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே தடை முதல் கேள்வியிலேயே வந்துவிடுகிறது. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர் தேசிய அணிக்கு ஆட முடியாது என்பது 2008இலிருந்து மத்திய அரசின் நிலை. ஃபிஃபா ‘வரலாம்’ என்று சொல்லக்கூடிய எத்தனையோ வம்சாவளி வீரர்களை டெல்லி வாசலிலேயே நிறுத்துகிறது. ஜப்பானில் பிறந்த இசூமி அராட்டா, இந்தியத் தந்தையின் மகன், ஜப்பான் குடியுரிமையைத் துறந்த பிறகுதான் 2013இல் இந்தியாவுக்கு ஆட முடிந்தது. அவருக்குப் பின் அந்த வழியில் வந்தவர் ரயன் வில்லியம்ஸ். தாய்வழியில் மும்பைத் தொடர்பு உள்ளவர்.

கோஸ்டாவோடு ஒப்பிட்டால் இவர்கள் கொடுக்கும் விலை கூடுதல். அவர் ஸ்பெயின்காரர் ஆன பிறகும் பிரேசிலில் அந்நியர் ஆகவில்லை. 2021இல் அட்லெட்டிகோ மினேய்ரோவுக்கு ஆடி, பிறந்த நாட்டின் லீக் பட்டத்தை முதன்முறையாக வென்றார், பின்னாளில் அங்கேயே போட்டஃபோகோ, கிரேமியோ அணிகளுக்கும் ஆடினார். ஒரு ஆஸ்திரேலியரோ இங்கிலாந்துக்காரரோ இந்தியாவுக்கு ஆட வந்தால் அந்த நாட்டில் வேலை, வாக்கு, தங்கும் உரிமை எல்லாவற்றையும் முதலில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தரவரிசையில் நூறுக்கு வெளியே நிற்கும் அணிக்காக அதைச் செய்ய எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கால்பந்து சங்கத்தால் முடிவு செய்ய முடியாது. அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.